அப்பாவின் ரிப்போர்ட்டில் ‘சிடி8 குறைவு’: எவ்வளவு காலம் என்று அந்த எண் சொல்லுமா?

தஞ்சை மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றி, சுருக்கிச் சொல்கிறேன்.

அவருடைய அப்பாவுக்கு 62 வயது. அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிட்டது என்று தட்டைத் தள்ளிவைக்க ஆரம்பித்தார், எடையும் இறங்கியது. எண்டோஸ்கோபியில் இரைப்பையின் கீழ்ப்பகுதியில் புற்றுநோய் என்று தெரிந்தது. ஸ்கேனில் வேறு எங்கும் பரவல் இல்லை. ‘ஃபிளாட்’ எனப்படும் கீமோ நான்கு சுற்று கொடுத்து, பிறகு இரைப்பையின் அந்தப் பகுதியையும் சுற்றியுள்ள நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துவிட்டார்கள். எடுத்த 24 முடிச்சுகளில் இரண்டில் நோய் இருந்தது. வெட்டிய ஓரங்களில் நோய் இல்லை. இன்னும் நான்கு சுற்று கீமோ பாக்கி இருக்கிறது.

இந்த நேரத்தில், பயோடெக்னாலஜி படிக்கும் உறவுக்காரப் பையன் ஒருவர் சொல்லி, அறுவையில் எடுத்த கட்டியின் ஒரு துண்டைத் தனியார் லேப் ஒன்றுக்கு அனுப்பியிருக்கிறார்கள். செல்லை வளரத் தூண்டும் ஹெர்2 புரதம் கூடுதலாக இல்லை, மரபணுப் பிழைகளைத் திருத்தும் எம்எம்ஆர் புரதங்கள் நான்கும் இருக்கின்றன, ஈபிவி வைரஸ் இல்லை, பிடி-எல்1 என்ற புரதத்தின் சிபிஎஸ் அளவு 3 (இது என்ன என்று பின்னால் சொல்கிறேன்), கடைசி வரியில் ‘கட்டிக்குள் சிடி8 செல்கள் குறைவு’. சிடி8 என்பது கெட்டுப்போன செல்லைக் கொல்லும் ஒரு வகை வெள்ளை அணு. அந்தக் கடைசி வரி இந்தப் பெண்ணின் தூக்கத்தைப் பறித்துவிட்டது.

“சிடி8 குறைவாக இருப்பவர்கள் சீக்கிரம் இறந்துவிடுகிறார்கள் என்று ஓர் ஆய்வில் படித்தேன் டாக்டர். இம்யூனோதெரபி போட்டால்கூட 14 மாதம்தான் என்று இன்னொன்றில் இருந்தது. அப்பாவுக்கு எவ்வளவு காலம் இருக்கிறது? அவர் பெயரில் இருக்கும் வயலை விற்று அந்த ஊசியைப் போடலாமா? எதிர்ப்பு சக்தியை ஏற்றும் ஊசி என்று ஒரு கிளினிக்கில் ஆறு தவணை சொல்கிறார்கள். அதைப் போட்டால் சிடி8 ஏறுமா? அப்பாவிடம் அல்சர் ஆபரேஷன் என்றுதான் சொல்லிவைத்திருக்கிறோம். உண்மையைச் சொன்னால் மனசு விட்டுவிடுவார் என்று தம்பி பயப்படுகிறான்” என்று கேட்கிறார்.

சகோதரி, முதலில் உங்கள் மனதை அழுத்தும் கேள்விக்கே வருகிறேன். அந்த சிடி8 வரியை வைத்து உங்கள் அப்பா எத்தனை மாதம், எத்தனை வருடம் இருப்பார் என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. சொல்பவர் இருந்தால் அவரை நம்பாதீர்கள். அப்பாவின் நோய் லேசானது என்று நான் சொல்லவில்லை. முடிச்சுகளில் நோய் இருந்தது, மறுபடி வரும் ஆபத்து உண்டு. ஆனால் அந்த ஆபத்தைக் கூட்டுவதும் குறைப்பதுமான விஷயங்கள் வேறு இடத்தில் இருக்கின்றன. அவற்றில் சிலது இப்போது உங்கள் கையில் இருக்கிறது. நீங்களோ உங்கள் கையில் இல்லாத ஓர் எண்ணோடு ராத்திரியெல்லாம் போராடிக்கொண்டிருக்கிறீர்கள்.

அந்த 14 மாதம் யாருடைய கணக்கு?

நீங்கள் படித்தது எந்த ஆய்வு என்று என்னால் ஊகிக்க முடிகிறது. நிவோலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தை (நம் எதிர்ப்புச் செல்களையே கட்டியைத் தாக்க வைக்கும் வகை) கீமோவோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ‘செக்மேட் 649’ என்ற பெரிய ஆய்வு, 2021இல் வெளியானது. சிபிஎஸ் 5 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களில் கீமோ மட்டும் எடுத்தவர்கள் வாழ்ந்த காலத்தின் நடு அளவு 11.1 மாதம், நிவோலுமாபும் சேர்த்து எடுத்தவர்களுக்கு 14.4 மாதம். இந்த 14 தான் உங்களைப் பயமுறுத்தியிருக்க வேண்டும்.

ஆனால் அந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் யார்? அறுவை சிகிச்சையே செய்ய முடியாத நிலையில் இருந்தவர்கள், அல்லது கல்லீரல், வயிற்று உறை என்று நோய் பரவிவிட்டவர்கள். உங்கள் அப்பாவுக்குக் கட்டியை முழுவதுமாக எடுத்திருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் அவர் இல்லை. அவர்களுடைய எண்ணை எடுத்து இவர் மேல் வைப்பது தவறு. நடு அளவு என்பதும் கெடு அல்ல. சேர்ந்தவர்களில் பாதிப் பேர் அதைத் தாண்டி வாழ்ந்தார்கள் என்பதுதான் அதன் பொருள். அவர்களில் சிலர் பல ஆண்டுகள் தாண்டினார்கள்.

அப்பாவுக்கு நெருக்கமான கணக்கு வேறு. அவருக்குக் கொடுத்த அதே ஃபிளாட் கீமோவை, அறுவைக்கு முன் நான்கு சுற்று, பின் நான்கு சுற்று என்று ஜெர்மனியில் 716 பேரை வைத்துப் பழைய மருந்துக் கலவையோடு ஒப்பிட்டார்கள். முடிவு 2019இல் வந்தது. ஃபிளாட் எடுத்தவர்களின் நடு அளவு 50 மாதம், பழைய கலவைக்கு 35 மாதம். ஐந்தாவது ஆண்டில் உயிரோடு இருப்பவர்கள் 100க்கு சுமார் 45 பேர் என்று கணித்தார்கள். இதுவும் ஒரு கூட்டத்தின் எண்தான். அதில் கட்டியை எடுக்க முடியாமல் போனவர்களும் அடக்கம். முடிச்சில் நோயே இல்லாமல் நல்லபடியாகப் போனவர்களும் அடக்கம். உங்கள் அப்பா இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார்.

முன்கீமோவுக்குப் பிறகு நோயின் போக்கைச் சொல்வதில் மற்ற எல்லாவற்றையும்விட முடிச்சுகளின் நிலைதான் முக்கியம் என்று பிரிட்டனின் ‘மேஜிக்’ ஆய்வு நோயாளிகளின் திசுக்களைத் திரும்ப ஆராய்ந்தபோது தெரிந்தது. அப்பாவுக்கு இரண்டு முடிச்சு. ஒன்றுமே இல்லாமல் இருந்திருந்தால் இன்னும் நிம்மதி. ஆனால் ஏழு, எட்டு என்று இருப்பதற்கும் இரண்டு என்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. குறைந்தது 16 முடிச்சுகளையாவது எடுத்துப் பார்த்தால்தான் கணக்கு நம்பத்தக்கது என்பார்கள். உங்கள் சர்ஜன் 24 எடுத்திருக்கிறார். ஓரங்களும் சுத்தம். அறுவை நன்றாக நடந்திருக்கிறது என்பதற்கு இவை அடையாளம். உங்கள் கடிதத்தில் இந்த இரண்டையும் ஒரே வரியில் கடந்துபோயிருந்தீர்கள். ரிப்போர்ட்டில் நான் முதலில் பார்த்தது இவற்றைத்தான்.

சிடி8 செல் என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை

நம் ரத்தத்தில் டி செல்கள் என்று ஒரு வகை வெள்ளை அணுக்கள் உண்டு. அவற்றின் மேல் இருக்கும் புரதங்களைச் சாயமேற்றிப் பார்த்து வகை பிரிக்கிறோம். சிடி3 என்றால் டி செல் குடும்பம் முழுவதும். சிடி8 என்றால் கெட்டுப்போன செல்லை நேரடியாகக் கொல்லும் வகை. ஃபாக்ஸ்பி3 இருந்தால் பெரும்பாலும் மற்றவற்றை அடக்கி வைக்கும் வகை. சிடி68 மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கு செல்லைக் காட்டும்.

இரைப்பைப் புற்றுநோயில் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும்போது, கட்டிக்குள் சிடி8 செல்கள் நிறைய இருந்தவர்கள் சராசரியாகக் கொஞ்சம் கூடுதல் காலம் வாழ்ந்திருக்கிறார்கள். நீங்கள் படித்தது பொய்யல்ல. ஆனால் எல்லா ஆய்வும் ஒரே பக்கம் பேசவில்லை. சிடி8 அடர்த்தி கூடியவர்களுக்கு முடிவு மோசமாக இருந்ததாகச் சொன்ன ஆய்வும் உண்டு. ஃபாக்ஸ்பி3 விஷயத்தில் குழப்பம் இன்னும் அதிகம்.

ஏன் இந்தக் குழப்பம்? முதல் காரணம், ‘குறைவு’ என்பதற்குப் பொதுவான கோடு கிடையாது. பல ஆய்வுகளில் அந்த மருத்துவமனை நோயாளிகளை வரிசைப்படுத்தி, நடுவில் ஒரு கோடு போட்டு, மேலே ‘அதிகம்’, கீழே ‘குறைவு’ என்று பிரித்துவிடுவார்கள். அங்கே குறைவு என்று வந்த அளவு வேறோர் ஆய்வில் அதிகம் என்று வரலாம். உங்கள் லேப் எந்தக் கோட்டை வைத்து அந்த வரியை எழுதியது என்று ரிப்போர்ட்டில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அந்த வரிக்கு மதிப்பே கிடையாது என்பேன்.

இரண்டாவது, கட்டியின் எல்லா இடத்திலும் இந்த செல்கள் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஓரத்தில் கூட்டமாக இருக்கும், நடுவில் காலியாக இருக்கும். ஒரு சிறு துண்டை எண்ணி முழுக் கட்டிக்கும் சொல்வது, ஒரு தெருவை மட்டும் எண்ணிவிட்டு ஊரின் மக்கள்தொகையைச் சொல்வது போன்றது.

மூன்றாவது காரணம் உங்கள் அப்பாவுக்கே உரியது. அவருடைய துண்டு நான்கு சுற்று கீமோவுக்குப் பிறகு எடுத்தது. கீமோ கட்டியையும் மாற்றும், அதற்குள் இருக்கும் நோய் எதிர்ப்புச் செல்களையும் மாற்றும். நீங்கள் படித்த ஆய்வு கீமோ எடுக்காமல் நேராக அறுவைக்குப் போனவர்களைப் பற்றியது என்றால் ஒப்பிடவே கூடாது. இந்த வகை ஆய்வுகளில் பெரும்பங்கு ஜப்பான், கொரியா, சீனாவிலிருந்து வருகிறது. கொரியாவில் 40 வயதானவர்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இரைப்பைப் பரிசோதனை அரசுத் திட்டத்திலேயே உண்டு. நோயை ஆரம்பத்திலேயே பிடித்துவிடுகிறார்கள். நம் ஊரில் சாப்பாடு இறங்கவில்லை என்ற பிறகுதான் எண்டோஸ்கோபிக்குப் போகிறோம். அவர்களுடைய எண்களை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது.

பெருங்குடல் புற்றுநோயில் இந்தச் செல் எண்ணிக்கையை ஒழுங்குபடுத்தி, ‘இம்யூனோஸ்கோர்’ என்ற பெயரில் பல நாட்டு மருத்துவமனைகளில் சரிபார்த்து 2018இல் வெளியிட்டார்கள். இரைப்பைக்கு அந்த அளவுக்கு நிலைபெற்ற முறை இல்லை. நோயின் நிலையை முடிவு செய்யும் டிஎன்எம் முறையிலும் சிடி8க்கு இடமில்லை. அதனால்தான் உங்கள் மருத்துவமனை அந்தச் சோதனையைக் கேட்கவில்லை. கவனக்குறைவு என்று நீங்கள் வருத்தப்பட்டிருந்தீர்கள், அப்படி இல்லை.

அந்த ரிப்போர்ட்டில் சிகிச்சைக்கு நிஜமாகவே உதவும் வரி எம்எம்ஆர் வரிதான். 2014இல் அமெரிக்காவில் 295 இரைப்பைக் கட்டிகளின் மரபணுக்களை ஆராய்ந்து நான்கு வகையாகப் பிரித்தார்கள். ஈபிவி வைரஸ் உள்ளவை 9 சதவீதம், எம்எம்ஆர் பழுதால் மரபணுவில் பிழைகள் சேர்ந்துபோனவை (இவற்றை எம்எஸ்ஐ கூடியவை என்பார்கள்) 22 சதவீதம். இந்த இரண்டு வகையிலும் டி செல்கள் கூட்டம் கூட்டமாக இருக்கும். ‘சிடி8 அதிகம் என்றால் நல்லது’ என்ற செய்தியில் ஒரு பங்கு இவர்களால் வருவது. எம்எஸ்ஐ கூடியவர்களுக்கு அறுவைக்குப் பின் ஐந்தாண்டு உயிர்வாழ்வு 77.5 சதவீதம், மற்றவர்களுக்கு 59.3 சதவீதம் என்று நான்கு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கு 2019இல் வந்தது. அவர்களுக்குக் கீமோவால் பெரிய பலன் இல்லை, இம்யூனோதெரபிதான் நன்றாக வேலை செய்கிறது. உங்கள் அப்பாவுக்கு நான்கு புரதங்களும் இருக்கின்றன என்றால் அவர் அந்த வகை இல்லை, பெரும்பாலோரோடு இருக்கிறார். ஆகவே அவருக்குக் கீமோவைத் தொடர்வது சரியான வழி. இந்த ஒரு சோதனையை மட்டும் உங்கள் மருத்துவமனை நோய்க்குறியியல் மருத்துவரும் பார்த்து உறுதிசெய்துவிட்டால் நல்லது.

சிபிஎஸ் 3 என்றால் 3 சதவீத வாய்ப்பு அல்ல

“இம்யூனோதெரபி வேலை செய்ய 3 சதவீதம்தான் வாய்ப்பா?” என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. பிடி-எல்1 என்பது டி செல்லைத் தாக்காமல் நிறுத்திவைக்கும் ஒரு புரதம். கட்டி செல்லின் மேலும் இருக்கும், சுற்றியுள்ள வெள்ளை அணுக்களின் மேலும் இருக்கும். அந்தப் புரதம் தெரிகிற கட்டி செல், லிம்ஃபோசைட் (டி செல் போன்ற வெள்ளை அணு), மேக்ரோஃபேஜ் எல்லாவற்றையும் கூட்டி, உயிருள்ள கட்டி செல்களின் எண்ணிக்கையால் வகுத்து, நூறால் பெருக்கினால் வருவது சிபிஎஸ். நூறு கட்டி செல் இருக்கும் இடத்தில் இப்படி மூன்று செல் தெரிந்தது என்று பொருள். அவ்வளவுதான். வேறொரு லேபில் வேறொரு துண்டில் பார்த்தால் அது 1 ஆகவோ 6 ஆகவோ வரக்கூடும்.

இந்த அளவு உதவுவது நோய் பரவியவர்களுக்கு மருந்து தேர்ந்தெடுக்கும்போது. நிவோலுமாப் பலன் 5 அல்லது அதற்கு மேல் இருப்பவர்களிடம் தெளிவாகத் தெரிந்தது. ஐரோப்பாவில் அனுமதியும் 5 அல்லது அதற்கு மேல் என்றுதான். உங்கள் அப்பா போன்று கட்டியை எடுத்துவிட்டவரின் ஆயுளைச் சொல்ல அது உருவாக்கப்படவில்லை.

வயலை விற்பதற்கு முன்

இப்போது பணக் கேள்வி. அறுவை முடிந்த பிறகு கீமோவோடு நிவோலுமாபையும் சேர்த்தால் நோய் திரும்புவது குறையுமா என்று ‘அட்ராக்ஷன்-5’ என்ற ஆய்வில் கிழக்காசிய நாடுகளில் பார்த்தார்கள். குறிப்பிடத்தக்க பலன் கிடைக்கவில்லை. 2025இல் வந்த ‘மேட்டர்ஹார்ன்’ ஆய்வு நல்ல செய்தி சொன்னது. ஃபிளாட்டோடு டுர்வாலுமாப் என்ற இன்னோர் இம்யூனோதெரபி மருந்தைச் சேர்த்தவர்களில் இரண்டாண்டு வரை நோய் திரும்பாமலும் வேறு பின்னடைவு இல்லாமலும் இருந்தவர்கள் சுமார் 67 சதவீதம், சேர்க்காதவர்களில் சுமார் 59 சதவீதம். ஆனால் அங்கே அந்த மருந்தை அறுவைக்கு முன்பே, கட்டி உடம்பில் இருக்கும்போதே ஆரம்பித்தார்கள். முதல் நான்கு சுற்றை அது இல்லாமல் முடித்துவிட்டு, அறுவைக்குப் பின் மட்டும் சேர்ப்பதை அந்த ஆய்வு சோதிக்கவில்லை.

அதனால் என் கருத்தைத் தெளிவாகவே சொல்கிறேன். இந்த நிலையில், இந்த ரிப்போர்ட்டை வைத்து, வயலை விற்று இம்யூனோதெரபி போட வேண்டாம். பல லட்சம் போகும். குடல் அழற்சி, நுரையீரல் அழற்சி, தைராய்டு கோளாறு என்று அதற்கும் பக்கவிளைவுகள் உண்டு. சில நேரம் கடுமையாக இருக்கும். நாளைக்கு நோய் திரும்பினால், அப்போது புதிதாகத் திசு எடுத்து, சிபிஎஸ்ஸும் மற்றவையும் திரும்பப் பார்த்து முடிவெடுக்கும்போது இந்த மருந்துக்கு நிஜமான இடம் வரலாம். அந்த நாளுக்குக் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

குறைந்த அளவு நிவோலுமாப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மும்பை டாடா மருத்துவமனையில் 20 மில்லிகிராம் மட்டும் கொடுத்து நல்ல பலன் கண்டு 2023இல் வெளியிட்டார்கள். நம் நாட்டு ஏழை நோயாளிகளுக்காகச் செய்த அருமையான வேலை. அது தலை, கழுத்துப் புற்றுநோய் முற்றியவர்களுக்கு. இரைப்பை அறுவை முடிந்தவருக்கு அதையே பொருத்த முடியாது.

மீதி நான்கு சுற்றுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பொருந்துமா என்று மருத்துவமனையில் உள்ள காப்பீட்டு உதவி மையத்தில் கேளுங்கள். இன்னொரு கருத்து வேண்டுமென்றால் தாராளமாகப் போகலாம், அது உங்கள் உரிமை. அடையாறு புற்றுநோய் நிறுவனம், காஞ்சிபுரம் காரப்பேட்டை அரசு புற்றுநோய் மருத்துவமனை, சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை இவற்றில் பார்க்கலாம். சிகிச்சைக் குறிப்புகளின் நகலை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி இருக்கிறது. மெழுகில் பதித்த திசுத் துண்டையும் மறுபார்வைக்காக எழுதிக் கொடுத்து வாங்கலாம். ஆனால் இந்த அலைச்சலில் கீமோ தேதி தள்ளிப்போகக் கூடாது.

எதிர்ப்பு சக்தி ஊசியும் கஷாயமும்

ஆறு தவணை ஊசி போட்டு சிடி8ஐ ஏற்றுவதாகச் சொல்லும் கிளினிக்குக்குப் போகாதீர்கள். கட்டியையே எடுத்தாயிற்று. இனி எந்தக் கட்டிக்குள் செல்லை ஏற்றப்போகிறார்கள்? ரத்தத்தில் வெள்ளை அணு கூடுவதும் கட்டிக்குள் சிடி8 செல் நுழைவதும் வேறு வேறு. இரைப்பைப் புற்றுநோய்க்கு அப்படி ஏற்றி ஆயுளைக் கூட்டிய ஊசி எதுவும் வழக்கமான சிகிச்சையில் இல்லை. அது நிஜமாகவே ஆராய்ச்சி என்றால் பதிவு எண் இருக்கும், நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கும், உங்களிடம் காசு கேட்க மாட்டார்கள்.

கஷாயம் ஏதாவது கொடுப்பதாக இருந்தால், அப்பா என்ன குடிக்கிறார் என்பதை மறைக்காமல் கீமோ மருத்துவரிடம் சொல்லுங்கள். கீமோ மருந்துகளைக் கையாள்வதில் கல்லீரலுக்குப் பெரிய வேலை இருக்கிறது. அந்த நேரத்தில் சேர்மானம் தெரியாத ஒன்றைக் கொடுத்து, என்சைம் ஏறி, சுற்று தள்ளிப்போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ரத்தப் பரிசோதனையில் நியூட்ரோஃபில், லிம்ஃபோசைட் என்ற இரண்டு வகை வெள்ளை அணுக்களின் விகிதத்தை நீங்களே வகுத்துப் பார்த்து, அது கூடிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த விகிதம் கூடியவர்களுக்கு முடிவு மோசம் என்ற ஆய்வுகள் உண்மைதான். ஆனால் கீமோ அன்று வாந்தி வராமல் இருக்கப் போடும் டெக்ஸாமெத்தசோன் அந்த விகிதத்தை ஏற்றிவிடும். வெள்ளை அணு ஏற்றப் போடும் ஊசியும் ஏற்றும். காய்ச்சல், சளி வந்தாலும் ஏறும். தயவுசெய்து அந்தக் கணக்கை நிறுத்திவிடுங்கள்.

அதற்குப் பதில் அப்பாவின் எடையை வாரம் ஒருமுறை குறித்துவையுங்கள். நான் மேலே சொன்ன ஜெர்மன் ஆய்விலேயே எட்டுச் சுற்றையும் முடித்தவர்கள் பாதிக்கும் குறைவு. அறுவைக்குப் பிறகு உடம்பு தளர்ந்து, சாப்பிட முடியாமல் நிறுத்திவிடுகிறார்கள். உங்கள் அப்பா பாக்கி சுற்றுகளை முடிப்பதற்கு அவருடைய சாப்பாடுதான் முதல் துணை. மூன்று வேளையை ஆறு வேளையாகப் பிரியுங்கள். ஒவ்வொரு வேளையிலும் முட்டை, மீன், பருப்பு, சுண்டல், தயிர் என்று புரதம் ஏதாவது இருக்கட்டும். வெறும் கஞ்சி மட்டும் கொடுத்து உடம்பைத் தேற்ற முடியாது. சாப்பிடும்போது நிறையத் தண்ணீர் வேண்டாம், இடைவேளையில் குடிக்கட்டும். சர்க்கரை போட்ட ஜூஸ், குளூக்கோஸ் தண்ணீர் குடித்ததும் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வந்தால் அவற்றை நிறுத்திவிடுங்கள். வெட்டிய இரைப்பையிலிருந்து இனிப்பு வேகமாகக் குடலுக்கு இறங்குவதால் வருவது அது. இரும்புச்சத்து, பி12 அளவுகளை அவ்வப்போது பார்க்கச் சொல்லுங்கள். கை கால் மரத்துப்போதல், நாலைந்து முறைக்கு மேல் பேதி இருந்தால் அடுத்த சுற்று வரை காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் எந்த நேரமானாலும் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். மருந்தின் அளவைக் கொஞ்சம் குறைத்துத் தொடர்வது தோல்வி இல்லை. அடிக்கடி செய்கிற ஒன்றுதான்.

அப்பாவிடம் சொல்வது

தம்பியின் பயம் எனக்குப் புரிகிறது. அன்பால் வரும் பயம். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். வயல் அப்பா பெயரில் இருக்கிறது. விற்பதாக இருந்தால் பத்திர அலுவலகத்தில் கையெழுத்துப் போடப்போவது அவர். அல்சர் ஆபரேஷனுக்காக எந்த மனிதர் தன் வயலை விற்பார்? நான்கு சுற்று கீமோவில் முடி கொட்டியிருக்கும். பக்கத்துப் படுக்கையில் இருந்தவர்களோடு பேசியிருப்பார். முப்பது வருடம் பேருந்தில் ஆயிரம் முகங்களைப் பார்த்தவர், உங்கள் முகத்தைப் படிக்காமலா இருப்பார்? இப்படிப்பட்டவர்களில் பலர் பிள்ளைகள் வருத்தப்படக் கூடாது என்று தெரியாதது போலவே இருந்துவிடுகிறார்கள். கேட்க நினைப்பதை யாரிடமும் கேட்க முடியாமல் தனியாகச் சுமக்கிறார்கள்.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. சுயநினைவோடு இருக்கும் வயதுவந்த நோயாளியின் சிகிச்சைக்குச் சம்மதம் அவருடையதாக இருக்க வேண்டும், உறவினரின் சம்மதம் அதற்கு ஈடாகாது என்று 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விவரம் தெரியாமல் கொடுக்கும் சம்மதம் சம்மதமே அல்ல.

ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதில்லை. “உங்கள் உடம்பைப் பற்றி டாக்டர் என்ன சொன்னார்னு முழுசா தெரிஞ்சுக்கணுமாப்பா, இல்லை நாங்களே பார்த்துக்கட்டுமா?” என்று முதலில் கேளுங்கள். தெரிய வேண்டாம் என்று அவரே சொன்னால் அதுவும் அவர் உரிமை. வேண்டும் என்றால், அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அவரையும் உள்ளே அழைத்து உட்கார வையுங்கள். கட்டியை எடுத்தாயிற்று, திரும்பி வராமல் இருக்க இன்னும் நான்கு சுற்று மருந்து என்ற அளவில் மருத்துவரே ஆரம்பிப்பார். சதவீதங்கள் அவர் கேட்டால் மட்டும். தனக்கு என்ன நோய் என்று தெரிந்தவர்கள் பேதி வந்தால் மறைப்பதில்லை, காய்ச்சல் வந்தால் மறைப்பதில்லை. பாக்கி கீமோவுக்கு இந்த ஒத்துழைப்பு அவசியம் வேண்டும்.

அடுத்த முறை போகும்போது மருத்துவரிடம் இவற்றையும் கேளுங்கள்: பாக்கி சுற்று எந்தத் தேதியில் தொடங்கும், முதல் மூன்று வருடம் எப்படிக் கண்காணிப்பார்கள் (திரும்புவதாக இருந்தால் பெரும்பாலும் அந்தக் காலத்துக்குள்தான்), ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இருக்கிறதா என்று பார்த்தார்களா. மீதமிருக்கும் இரைப்பையில் அந்தக் கிருமி இருந்தால் ஒழிக்க வேண்டும்.

அந்தக் கிருமியின் விஷயம் உங்களுக்கும் தம்பிக்கும் சேர்த்துத்தான். இரைப்பைப் புற்றுநோய் வந்தவர்களின் பிள்ளைகள், உடன்பிறந்தவர்களில் இந்தக் கிருமி உள்ளவர்களுக்கு மருந்து கொடுத்துப் பார்த்ததில் புற்றுநோய் வருவது பாதிக்கும் மேல் குறைந்ததாகக் கொரியாவிலிருந்து 2020இல் ஓர் ஆய்வு வந்தது. மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ போதும். அமிலம் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் மருத்துவரைக் கேட்டு இரண்டு வாரம் நிறுத்திவிட்டுச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டிவிடும். தம்பி சிகரெட் பிடிக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இரைப்பைப் புற்றுநோய்க்கு அதுவும் ஒரு காரணம். கீமோவுக்கு அப்பாவை அழைத்துப் போகிற நாளிலேயே இருவரும் அந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். சிகரெட்டை விடுவதைப் பற்றியும் அங்கேயே மருத்துவரிடம் தம்பியைப் பேசச் சொல்லுங்கள்.